மகாராஜன் மோந்து பார்த்த உப்பு

பெயர்தான் மகாராஜன், ஓட்டுவது ஜீப்பு. விடியும் முன்பே போடியில் பெண்களை ஏற்றிக்கொண்டு, முந்தல் தாண்டி மலையேறி, ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடுவார். சாயங்காலம் அதே பெண்களைக் கூட்டிக்கொண்டு இறங்குவார். நடுவில் காய் மூட்டையோ உர மூட்டையோ, கிடைக்கிற லோடு. இத்தனை வருஷத்தில் வண்டியை எதிலும் உரசியதே இல்லை என்று சொல்லிக்கொள்வார். அது முழு உண்மை இல்லை. போடிமெட்டில் ஒரு டீக்கடைப் பலகையை ஒரு தடவை தட்டியிருக்கிறார். கடைக்காரரே அதை மறந்துவிட்டார், நாம் எதற்கு ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

அவருக்கு இருந்த நல்ல பேரெல்லாம் மூக்கால் வந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக் லைனர் சூடேறினால் மற்றவர்களுக்குப் புகை கண்ணில் பட்ட பிறகுதான் தெரியும். மகாராஜனுக்கு அதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். பேச்சை நிறுத்தி, மூக்கை ஒரு தடவை உறிஞ்சி, வண்டியை ஓரங்கட்டிவிடுவார். சூடு தணிந்த பிறகுதான் மறுபடி சாவி திரும்பும். “மகாராஜண்ணே வண்டின்னா கண்ண மூடித் தூங்கலாம்” என்று பெண்கள் சொல்லுவார்கள். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து தூங்கிக்கொண்டுதான் வருவார்கள்.

அந்த மூக்குக்கு வீட்டிலும் ஒரு வேலை இருந்தது. கொல்லையில் பூவரச மரத்தடியில் ஒரு கல் நட்டிருக்கிறது. அதுதான் கருப்பு, அந்த வீட்டுக் குலசாமி. கோயிலும் கிடையாது, பூசாரியும் கிடையாது. காணும் பொங்கலன்று கிடாய் வெட்டி, அந்தக் கொல்லையிலேயே மூன்று கல் அடுப்பு கூட்டி, ஆண்பிள்ளைகள் சமைத்துப் படைக்க வேண்டும். படையல் முடியும்வரை மனுஷ வாயில் ஒரு சொட்டுப் படக்கூடாது, பட்டால் எச்சில். அப்படியானால் உப்பு சரியா தப்பா என்று எப்படித் தெரியும்? குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது வீட்டுக்கு மூத்த ஆண் குனிந்து ஆவியை மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும். உப்புக்கு ஏது வாசனை என்று நீங்கள் கேட்கலாம். உப்பு குறைந்தால் ஆவி பச்சையாக மணக்கும், கூடினால் மூக்கில் கரிக்கும், அளவாக இருந்தால் பசி எடுக்கும் என்பது அந்த வீட்டுக் கணக்கு. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. மகாராஜன் மோந்து சொன்ன அண்டா இதுவரை தப்பியதில்லை.

போன ஐப்பசி அடைமழையில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. முதலில் அவருக்கே தெரியவில்லை. காய்ந்த ஏலக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தவருக்குப் பாதி மலையில் திடீரென்று காலி வண்டி ஓட்டுகிற மாதிரி இருந்தது. மூட்டை எங்காவது விழுந்துவிட்டதோ என்று பதறி நிறுத்திப் பின்னால் போய்ப் பார்த்தார். எல்லாம் இருந்தன. ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து முகத்தையே உள்ளே விட்டார். தவிட்டு மூட்டைக்குள் முகத்தை விட்டது போல் இருந்தது. அப்போதுதான் பயந்தார். ரோட்டோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து, கீழே போடி தெரிகிற பக்கம் பார்க்காமல், வெகுநேரம் மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேனியில் ஒரு டாக்டரிடம் ரகசியமாகப் போய்க் காட்டினார். சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது, பொறுத்திருங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். மகாராஜன் பொறுத்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கலையரசி மறுநாளே சாவியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொள்வாள் என்று அவருக்குத் தெரியும். கட்டிய பெண்டாட்டியைப் பற்றி அவர் கணக்கு தப்பாது. ஜீப்பை விட்டுவிட்டால் வேறென்ன செய்வார், ஊரில் யாராக இருப்பார் என்று யோசிக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. அதனால் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். இரண்டாவது கியரிலேயே இறக்கினால் பிரேக்குக்கு வேலையே இல்லை, லைனர் எப்படிக் கருகும்? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. எதிரே லாரி வரும்போது என்ன செய்வது என்பதை மட்டும் அவர் அதிகம் யோசிக்கவில்லை.

வீட்டில் சமாளிப்பது சுலபமாக இருந்தது. நாக்குக்கு உப்பும் புளியும் காரமும் தெரிந்தன. மற்றதெல்லாம் வெறும் மெல்லுகிற வேலை. கலையரசி சோறு போட்டதும் பழைய பழக்கப்படி, “என்னடி, வாசம் தெருவரைக்கும் தூக்குது” என்பார். அவளும் அதே பழைய பழக்கப்படி, “ஆமா, தெருவுல நின்னு பாத்தீகளாக்கும்” என்பாள். ஆக, நாக்கை வைத்துக்கொண்டு வருஷம் பூராவும் ஊரை ஏமாற்றலாம். நாக்கை நீட்டவே கூடாத அண்டா ஒன்றே ஒன்று, கருப்பனுடையது. தை நெருங்க நெருங்க மகாராஜன் காலண்டரில் நாள் எண்ண ஆரம்பித்தார்.

இந்த வருஷம் பொங்கல் வியாழக்கிழமை விழுந்தது. வெள்ளி மாட்டுப் பொங்கல், சனி காணும் பொங்கல், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஞாயிறு. லீவு நீளமானால் சொந்தமும் நீளமாகும். சிலமலையிலிருந்து அக்கா ஆயம்மாள் புதன்கிழமையே மூட்டையோடு வந்து இறங்கிவிட்டாள். திருப்பூரிலிருந்து தம்பி காசிராஜன் காரில் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தான். ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன் ஜெகதீஷ் புதுப் பெண்டாட்டி பவித்ராவோடு வந்தான். இருக்கிற ஒரு குளியலறைக்கு ரேஷன் கடை மாதிரி வரிசை நின்றது. போனுக்குச் சார்ஜ் போட இடமில்லாமல் மிக்ஸியின் வயரைப் பிடுங்கிவிட்டு யாரோ போனைச் செருகியிருந்தார்கள். கலையரசி சட்னியைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கத்திய கத்தலில் கருப்பனே ஒரு தடவை எழுந்து உட்கார்ந்திருப்பார்.

பவித்ராவுக்கு அது அந்த வீட்டில் முதல் பொங்கல். ராசிங்காபுரத்துப் பெண். அவள் அம்மா ராக்கு, வருஷக்கணக்காக மகாராஜன் ஜீப்பில் காய் எடுக்கப் போகிறவள். கல்லூரி லீவில் ஜெகதீஷ் அப்பாவுக்குத் துணையாக வண்டி ஓட்டியதும், அதே லீவில் பவித்ரா அம்மாவோடு வேலைக்குப் போனதும் சேர்ந்து கல்யாணத்தில் முடிந்தது. மகாராஜனுக்கு அதில் சந்தோஷம்தான். ராக்குவின் வீட்டில் பெண் எடுக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் அவர். ஆயம்மாளுக்குத்தான் அது தொண்டையில் முள்ளாக நின்றது. “நம்ம ஜீப்புல ஏறிக் கூலிக்குப் போறவுக வீட்டுலயா சம்பந்தம் பண்றது?” என்று கல்யாணப் பந்தலிலேயே கேட்டவள். பந்தலில் கேட்டதோடு விட்டாளா என்றால், அதுவும் இல்லை.

சனிக்கிழமை காலையில் கிடாய் வெட்டி ஆயிற்று. கறி வெட்டுவதும் அடுப்பும் ஆண்களுடைய சோலி. கழுவுவதும் அரைப்பதும் பெண்களுடையது. மசாலா அம்மியைக் கலையரசி பிடித்துக்கொண்டாள். கறியைக் கழுவும் வேலை பவித்ராவுக்கு வந்தது. பெரிய பேசினைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். சம்பந்தி என்ற முறைக்கு அழைக்கப்பட்டிருந்த ராக்கு, புதுச்சேலை மடிப்புக் கலையாமல் சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை. யாராவது ஒரு வேலை சொல்ல மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகாராஜன் ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தார். முந்தின நாளே கலையரசியிடம் சாதாரணமாகக் கேட்பது போல், “போன வருசம் அண்டாவுக்கு எத்தன கை உப்புப் போட்டேன்?” என்று கேட்டார்.

“ஒங்க கைய எண்ணிக்கிட்டு இருக்கிறதுதான் எனக்குச் சோலியா?” என்று விட்டாள் அவள்.

சரி, குறைவாகவே போட்டுவிடுவோம் என்று முடிவு செய்தார். குறைந்தால் இலையோரத்தில் வைத்த உப்பைத் தொட்டுக்கொள்வார்கள். கூடினால்தான் மானம் போகும். நல்ல திட்டம்தான். கறி வதங்கி, மசாலா சேர்ந்து, தண்ணீர் ஊற்றியதும் யோசித்து யோசித்துக் கொஞ்சமாக உப்பைப் போட்டார். மூடி வைத்தார். கொதி வந்தது.

கொதி வந்ததும் கொல்லை அடங்கியது. அது ஒவ்வொரு வருஷமும் நடப்பதுதான். பிள்ளைகளை அதட்டி உட்கார வைப்பார்கள். காசிராஜன் போனை எடுத்து வீடியோ பிடிப்பான். மகாராஜன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மூடியைத் திறந்து, கண்ணை மூடி அண்டாவின் மேல் குனிந்தார். வெந்நீர் ஆவி முகத்தில் அடித்தது. அவ்வளவுதான். கறி இல்லை, பட்டை சோம்பு இல்லை, விறகுப் புகைகூட இல்லை. குனிந்தபடியே அவர் கருப்பனிடம் கேட்டார், இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் திருப்பிக் குடு என்று. கருப்பன் கொடுக்கவில்லை.

“என்ன தம்பி, பத்தலையோ?” என்றாள் ஆயம்மாள்.

எப்போதும் மோந்து பார்த்த பிறகு ஒரு கை உப்பு போடுவதுதான் அவர் வழக்கம். எல்லோரும் அந்தக் கைக்காகத்தான் காத்திருந்தார்கள். போடாமல் நிமிர்ந்தால் என்னமோ மாதிரி இருக்கும். திட்டமெல்லாம் பறந்தது. உப்புச் சட்டிக்குள் கையை விட்டு, ஒரு கை நிறைய அள்ளி, அண்டாவைச் சுற்றி வட்டமாகத் தூவினார். “இப்பச் சரி” என்றார். காசிராஜன் வீடியோவுக்குள்ளே, “எங்கண்ணன் மூக்குக்கு இன்சூரன்சு போடணும்ல” என்று சிரித்தான். மகாராஜனும் சிரித்தார். படையலுக்குக் குளித்துவிட்டு வரவேண்டும். பக்கத்தில் நின்ற பவித்ராவிடம், “அண்டாவத் தொட வேணாம், தீ மட்டும் அணையாமப் பாத்துக்கத்தா, வெரசா வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

படையல் குறையில்லாமல் நடந்தது. கல்லுக்கு மாலை போட்டு, தலைவாழை இலையில் சோறும் கறியும் வைத்து, சூடம் காட்டி எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். பிறகு மரத்தடியிலேயே பந்தி விரித்தார்கள். மகாராஜன் முதல் வாயைப் பிசைந்து போட்டுக்கொண்டார். போட்டதும் ஆச்சரியப்பட்டுப் போனார். மூன்று மாசமாகச் செத்துக் கிடந்த வாய்க்குள் ஏதோ ஒன்று நடந்தது. நாக்கு சுரீரென்று விழித்தது. திரும்பி வருகிறது, எல்லாம் திரும்பி வருகிறது என்று அவர் நினைத்தார். அந்த ஒரு நொடி சந்தோஷத்தில் கண்கூடக் கலங்கியது.

நிமிர்ந்து பார்த்தபோது காசிராஜனின் சின்னப் பிள்ளை வாயில் இருந்ததை இலையிலேயே துப்பிக்கொண்டிருந்தது. காசிராஜன் இருமிக்கொண்டே தண்ணீருக்குக் கை நீட்டினான். ஜெகதீஷ் மென்றதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தான். ராக்கு மட்டும் தலை குனிந்து வெறும் சோற்றை மேலே மேலே போட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“அட சாமி! ராமேசுவரத்துக் கடலையே தூக்கி ஊத்துனாப்புல இருக்கு!” என்று இலையை விட்டு எழுந்துவிட்டாள் ஆயம்மாள்.

வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற கறி. அதிலும் சாமிக்கு வைத்த கறி. கூட்டம் சும்மா இருக்குமா? எப்படி ஆச்சு, யாரால் ஆச்சு என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். வழக்கைத் தீர்த்து வைத்தவன் காசிராஜன். கையில் ஆதாரம் வேறு வைத்திருந்தான். “அண்ணன் மோந்து பாத்து, ஒரு கை போட்டு, சரின்னு சொன்னாரு. அம்புட்டுப் பேரும் பாத்தோம், வீடியோவும் இருக்கு. அதுக்கப்புறம்தான் யாரோ கைய வச்சிருக்கணும்” என்றான்.

அதற்குப் பிறகு அண்டா பக்கத்தில் இருந்தது யார்? ஆயம்மாளின் கண் போன இடத்துக்கே எல்லோர் கண்ணும் போயிற்று.

பரிமாறிக்கொண்டிருந்த பவித்ரா கரண்டியைக் கீழே வைத்தாள். “நான் அண்டாவத் தொடவே இல்ல அத்தை. கறியக் கழுவி முடிச்சதும் மஞ்சளும் உப்பும் போட்டுப் பெரட்டி வச்சேன். எங்க வீட்டுல எப்பவும் அப்படித்தான் செய்வோம். இங்க போட மாட்டீகன்னு எனக்குத் தெரியாது” என்றாள்.

“எம்புட்டுப் போட்ட?”

“ரெண்டு மூணு கை இருக்கும்.”

உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைப்பழக்கம். அதில் குற்றம் ஒன்றுமில்லை. சாதாரணமாக இருந்தால் அத்தோடு போயிருக்கும். ஆனால் ஆயம்மாள் இடுப்பில் கையை வைத்தாள். “கழுவுறப்பவே அம்புட்டு உப்புப் போட்டிருந்தா எந்தம்பி மூக்குக்குத் தெரியாமப் போயிருமா? மோந்து பாத்துட்டு இன்னொரு கை போடுவானா? அவன் மூக்கு என்னைக்குத் தப்பியிருக்கு? கை தவறிப் போட்டுட்டேன்னு சொல்லிட்டுப் போயேன். சாமி முன்னாடி நின்னுக்கிட்டுப் பொய் ஏன் சொல்ற?”

“நான் பொய் சொல்லல அத்தை.”

“அப்ப எந்தம்பி பொய் சொல்றானா?”

பவித்ரா புருஷனைப் பார்த்தாள். ஜெகதீஷ் இலையைப் பார்த்தான். பாவம், அவன் என்ன செய்வான்? பெண்டாட்டியின் வாயை நம்பினால் அப்பாவின் மூக்கைச் சந்தேகப்பட வேண்டும். பிறந்ததிலிருந்து அவன் அந்த மூக்கை நம்பியவன். ஆயம்மாள் அடுத்த படிக்குப் போய்விட்டாள். இந்தக் கை பட்டது கருப்புக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் வைத்த கறியை வாயில் வைக்க முடியாமல் பண்ணிவிட்டார், கல்யாணத்துக்கு முன்னாலேயே சாமியிடம் கேட்டிருக்க வேண்டும் என்று பேச்சு வளர்ந்தது.

மகாராஜன் இலையில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ராக்கு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்க்கவில்லை, ஆயம்மாளைப் பார்க்கவில்லை. அவரை மட்டும், கண் எடுக்காமல். ஏதாவது சொல்லிக் காப்பாற்றுங்கள் என்று கெஞ்சுகிறாள் என்று அவர் நினைத்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்றும் நினைத்தார். ஒன்றும் ஆகாது. நாளைக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். திங்கட்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம். பொய்க்காரி என்ற பேர் மட்டும் இந்தப் பிள்ளையோடு இந்த வீட்டில் தங்கிவிடும். ஆயம்மாள் ஒட்டுகிற பட்டம் லேசில் உரியாது. அவருக்கே சின்ன வயசில் ஒட்டியது ஒன்று இன்னும் இருக்கிறது. எந்தத் தப்பும் செய்யாதவள், உண்மையைச் சொன்னவள், அவருடைய பெருமையால் பொய்க்காரியாகி நிற்கிறாள். அதை நினைத்ததும் அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

“போதும்க்கா, விடு” என்றார். “அந்தப் பிள்ள சொல்றதுதான் நெசம். எனக்கு மூக்கு இல்ல.”

காசிராஜன் சிரித்தான். பிறகு அண்ணனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“ஐப்பசிக் காய்ச்சல்லருந்து ஒரு வாசனையும் தெரியல. தேனியில டாக்டர்ட்ட காமிச்சேன், வந்தாலும் வரும் வராட்டியும் வராதுன்னுட்டாரு. நான் இன்னைக்கு மோந்து பாக்கல. மோந்து பாக்குற மாதிரி நின்னேன். அந்தக் கை உப்பு நீங்க பாக்கணும்னு போட்டது.”

“சாமி முன்னாடியா?” என்றாள் ஆயம்மாள். அவள் குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

“சாமி முன்னாடிதான்.”

கலையரசி அடுப்படிக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். “அப்ப நேத்து வச்ச கருவாட்டுக் கொழம்பு? வாசம் தெருவரைக்கும் தூக்குதுன்னு சொன்னீகளே?” என்றாள். “மூணு மாசமா தெனமும் சொன்னீகளே. எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன வந்துச்சு ஒங்களுக்கு?”

“சொன்னா சாவிய வாங்கிருவ.”

“ஆமா, வாங்குவேன்” என்றாள் அவள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோபம் கொஞ்சம்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் சாப்பிட்ட மனுஷன் தனியாக இருந்திருக்கிறான், அது தனக்குத் தெரியாமல் போயிற்று என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பவித்ராவின் முகத்தில் நன்றி எதுவும் இல்லை. அவள் வேறு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஜீப்பில் எத்தனையோ தடவை மலை இறங்கியவள் அவள். “மாமா, அப்ப எறக்கத்துல லைனர் சூடாகுறது ஒங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டாள்.

“கியர்லதான்த்தா எறக்குறேன்.”

“தெரியாதுல்ல?”

“தெரியாது.”

“எங்கம்மா தெனமும் அதுலதான வர்றாக.”

சத்தம் போட்டிருந்தால் அவரால் பதில் பேசியிருக்க முடியும். அவள் மெதுவாகத்தான் கேட்டாள். மூன்று மாசமாக அவர் தன்னுடைய ஜீப்பு, தன்னுடைய பேர், தன்னுடைய பயம் என்று எல்லாவற்றையும் யோசித்தார். தோளில் சாய்ந்து தூங்குகிற அந்தப் பெண்களை மட்டும் நேராகப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டிருந்தார். மகாராஜன் எழுந்து, ஆணியில் தொங்கிய சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துவந்து, ராக்குவின் இலைக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். “தப்புத்தான் தங்கச்சி. இனிமே நான் ஓட்டல” என்றார்.

ராக்கு சாவியைத் தொடவில்லை. பிசைந்த சோற்றை வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டாள். “எனக்குத் தெரியும்ணே” என்றாள்.

“என்ன தெரியும்?”

“மூக்கு போனது. கார்த்திகையிலேயே தெரியும். ஒரு நாள் எறங்குறப்ப வண்டிக்குள்ள கருகல் நாத்தம் கொடலப் பெரட்டுது, நாங்க அம்புட்டுப் பேரும் சீலையால மூக்கப் பொத்திக்கிட்டு உக்காந்துருக்கோம், நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே ஓட்டுறீக. எனக்குத் தலை சுத்துது, வண்டிய ஓரங்கட்டுங்கன்னு சொன்னேன். நெனவிருக்கா?”

அவருக்கு நினைவு இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததும் ஒவ்வொன்றாக வந்தது. இந்தப் பனிக்காலம் பூராவும் ஒருத்திக்குத் தலை சுற்றல், ஒருத்திக்கு வாந்தி, ஒருத்திக்கு அவசரமாக ஒதுங்க வேண்டும். வளைவுக்கு வளைவு இறங்கிக் காற்று வாங்கிக்கொண்டு நிற்பார்கள். ஏறச் சொன்னால் சீக்கிரம் ஏறமாட்டார்கள். “இந்த வருசம் ஒங்களுக்கெல்லாம் என்னதான் கேடு வந்துச்சு?” என்று அவர் சலித்துக்கொண்டதுகூட உண்டு. அவர்கள் சக்கரத்தின் சூடு தணிவதற்காக நின்றிருக்கிறார்கள். அவர் மறைத்ததை அவரிடமிருந்தே மறைத்துக்கொண்டு, வண்டியிலிருந்த அத்தனை பெண்களும் இரண்டு மாசமாக அவரைப் பத்திரமாக இறக்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

“தெரிஞ்சா ஏன் சொல்லல தாயி?” என்று கேட்டாள் கலையரசி.

“சொன்னா அண்ணன் வண்டிய விட்டுருவாருல்ல மதினி. அப்புறம் நாங்க வேற எவன் வண்டியிலயாச்சும் ஏறணும். அவனுக பாட்டப் போட்டுவிட்டுப் பறக்குறானுக. அண்ணனுக்கு மூக்குத்தான போச்சு, நெதானம் போகலையே.”

“இப்ப ஒம்மகள இம்புட்டுப் பேசுனேனே, அப்பவும் கம்முன்னுதான இருந்த?” என்றாள் ஆயம்மாள். கேட்கும்போது அவள் குரல் பாதி இறங்கிவிட்டது.

“அண்ணனே சொல்லுவாகன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றாள் ராக்கு. “சொல்லலேன்னா நான் சொல்லியிருப்பேன். எம்பிள்ளயில்ல.”

கெஞ்சவில்லை, காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மகாராஜனுக்கு அது புரிந்ததும் அடக்க முடியவில்லை. தம்பி, மகன், பிள்ளைகள் என்று அத்தனை பேரும் பார்க்க, கருப்பனுக்கு முன்னால் நின்று அழுதார். கலையரசி வந்து பக்கத்தில் நின்றாள். ஜெகதீஷ் எழுந்து போய்ப் பவித்ராவின் கையிலிருந்த சோற்றுச் சட்டியை வாங்கிக்கொண்டான். கொஞ்சம் லேட்டுத்தான், அதை அவளும் பார்வையிலேயே சொல்லிவிட்டாள்.

ஆயம்மாளுக்கு மன்னிப்பெல்லாம் கேட்டுப் பழக்கமில்லை. அவள் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். “எத்தா பவித்ரா, கறிய மட்டும் அரிச்சு எடுத்துச் சுடுதண்ணியில நல்லா அலசிக் கொண்டா. சட்டியில போட்டு மொளகு தட்டி வறுத்துருவோம். வறுக்குற சோலிய நீயே பாரு” என்றாள். கருப்பன் அண்டாவைப் பெண்கள் தொட்டது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, பசி அப்படி.

ராக்கு தரையில் கிடந்த சாவியை எடுத்துத் துடைத்து, மகாராஜனின் கையில் வைத்தாள்.

“இனிமே தலை சுத்துதுன்னு சொல்ல மாட்டேண்ணே. லைனர் கருகுதுன்னு நேராவே சொல்லுவேன். சொன்ன ஒடனே நீங்க நிறுத்தணும்.”